ஜோத்பூர்த் தண்ணீர்

மொரப்பூர் நிலையத்தில் சேலம் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். என் எட்டு மாதப் பெண் குழந்தை மடியில் தூங்குகிறாள். பாலைவன நகரமான ஜோத்பூரில் வேலைக்குச் சேர்ந்த கணவர் எங்களையும் குடிவரச் சொல்கிறார். சேலத்தில் இறங்கியதும் மாமனாரிடம் என் முடிவைச் சொல்ல வேண்டும். அவர் எழுதிய கடிதத்தை மறுபடி படிக்கிறேன்: நிலையான வேலை, கல் வீடு, மின்விளக்கு, பெருகிவரும் கடைத்தெரு. எல்லாம் நல்லதுதான். ஆனாலும் எதையோ கேட்க மறந்துவிட்டதாக மனம் அரிக்கிறது.

அவித்த கடலை விற்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கே பயணம் என்று விசாரிக்கிறாள். இப்போது சேலத்துக்கு, பிறகு ஜோத்பூருக்கே குடிபோக வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன்.

"அந்த ஊருத் தண்ணியில பருப்பு வேவுங்களா?"

"தெரியலையே."

"எங்கூர்ல பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால, மாப்ள வூட்டுக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேவவெச்சுப் பாப்பமுங்க. உப்புத் தண்ணியில வேவாது. வேவலைன்னா எந்திரிச்சு வந்துருவோம்."

"எனக்குத்தான் கல்யாணமே ஆயிடுச்சே!"

"அப்ப அவரையே வேவவெக்கச் சொல்லுங்க. வேவலைன்னா அவரே தின்னட்டும்."

சிரித்துவிடுகிறேன். மாமனாரிடம் சொல்லவும் பதில் கிடைத்துவிட்டது. பையிலிருந்து தபால் கார்டை எடுத்துக் கணவருக்கு எழுதுகிறேன்: "அங்கே குடிக்கும் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பை நீங்களே வேகவைத்துப் பாருங்கள். குழைந்து வெந்தால் எழுதுங்கள், உடனே நாங்கள் புறப்பட்டு வருகிறோம்."