சேவியருக்குக் காலேஜ் போகும் பிள்ளைகள் இருவர்

இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு அந்தச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு சேவியருக்கு இரண்டு பிள்ளைகளாம். இரண்டும் காலேஜில் படிக்கின்றனவாம்!

சேவியருக்கு வயது இருபத்தொன்பது. கல்யாணம் இனிமேல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்... மூத்தது பிறந்தபோது அப்பாவுக்குப் பதினொரு வயது இருந்திருக்கும். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஸ்கெலட்டன் என்கிற தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில்தான். இப்படி ஓர் அதிசயம் எங்கள் லைனில் நடந்ததே இல்லை.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? கல்யாணப் பெண் ஸ்டெல்லா! ராபர்ட்சன்பேட்டையில் டீச்சர். வீட்டுக் கடனுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க, வங்கியில் மூன்று வருஷத்து வருமான வரி ரிட்டர்ன் கேட்டிருக்கிறார்கள். சேவியர் மெயிலில் இருந்ததை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டான். திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். மூன்று வருஷமும் ஒரே வாசகம் – ‘டியூஷன் ஃபீஸ், இரண்டு பிள்ளைகள்.’ ஊர் வாயில் அது காலேஜ் ஆகிவிட்டது.

சேவியரின் அம்மா என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். “அக்கா, ரெண்டாவது ஓலை வேணாம்னு அந்தப் பொண்ணு ஃபாதர்கிட்ட சொல்லிட்டாளாம். எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லன்னு நீங்க போய் சொல்லுங்கக்கா...”

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்பார்கள். அதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாவது நின்றால் ஊர் என்ன பேசும்?

இந்தக் குழப்பத்தின் ஊற்று எங்கள் ரயில்தான். நானும் சேவியரும் காலையில் வேலைக்குப் பெங்களூரு போகும் பெட்டியில் ஒரு ‘ஆடிட்டர் அண்ணன்’ உண்டு. ஆடிட்டர் எல்லாம் இல்லை – ஏதோ கம்பெனியில் கிளார்க். ஜூலை வந்தால் பெட்டி முழுக்க அவருக்கு, கம்பெனி தரும் சம்பள-வரிக் கணக்கான ஃபார்ம் பதினாறை அனுப்பும். பங்காருபேட்டை தாண்டியதும் ஒவ்வொருவராக ஓடிபி சொல்வோம். மாலூர் வருவதற்குள் பத்துப் பேருக்கு ரிட்டர்ன் போட்டிருப்பார். நாலு நாள் கழித்து ரீஃபண்டு வரும். ஏன் வந்தது? எவ்வளவு வரவேண்டும்? யார் கேட்டார்கள்!

நான் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன்.

“அவன் பச்சப்புள்ளம்மா. அவனுக்கு ஏது புள்ளைங்க?”

“புள்ளைங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? நான் இன்னா லூசா?”

“அப்புறம் இன்னாம்மா?”

“மூணு வருஷமா இல்லாத புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டினதா சொல்லி பணம் வாங்கியிருக்காரு. கேட்டா ஆடிட்டர் போட்டாருங்கறாரு. ஓடிபி குடுத்தது யாரு?”

“பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“நீங்களும் அவருகிட்டதானே போடறீங்க? உங்களுத பாத்தீங்களா ஆன்ட்டி?”

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே போனைத் திறந்தேன். எனக்கு ஒரே மகன். அவன் படித்த காலத்தில் ஃபீஸ் ரசீது கொடுத்து வரிக்கணக்கில் முறையாகக் கழித்தேன். சொந்தப் பிள்ளைக்குச் சட்டம் தரும் சலுகை அது. அவன் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனால் போன வருஷத்து ரிட்டர்னில்... ‘டியூஷன் ஃபீஸ், இரண்டு பிள்ளைகள்’!

எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் கேட்டார்: “ரெண்டாவது புள்ளைக்கு பேரு இன்னா வெச்சே?”

ஞாயிறு பூசையில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை வாசித்தார்கள். சேவியர் பெயர் வரவில்லை. கோயிலே திரும்பி அவன் அம்மாவைப் பார்த்தது. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ரயிலில் ஆடிட்டர் அண்ணனைப் பிடித்தேன். அவர் அசரவே இல்லை. “எல்லாருக்கும் அதே ஃபார்மேட்தாங்க. ரீஃபண்டு வந்தப்போ ஒருத்தரும் கேக்கலியே?” எல்லோரும் போனைத் திறந்து தங்கள் தங்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சேவியர் லீவு போட்டுவிட்டு கோலாருக்குப் போய் ஒரு நிஜ ஆடிட்டரைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கும் திருத்திய ரிட்டர்ன் போட்டான். வாங்கின ரீஃபண்டு, வட்டி, அதற்கு மேல் கூடுதல் வரி... கல்யாணக் கோட்டுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் வைத்திருந்தது மொத்தமும் போயிற்று. ரசீதோடு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனான்.

அன்றைக்கே ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தாள். “ரசீத நான் பாக்கவே இல்ல ஆன்ட்டி. தெரிஞ்சு வாங்கினீங்களா, தெரியாம வாங்கினீங்களான்னு மட்டும் கேட்டேன்.”

“தெரியாமத்தான்னு சொல்லியிருப்பான்.”

“இல்ல ஆன்ட்டி. ‘அவ்ளோ பணம் எனக்கு வர நியாயமில்லன்னு தெரியும். கேட்டா நின்னுடும்னுதான் கேக்கல’ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சரின்னுட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நான் வக்காலத்து வாங்கப் போனேனே... அவனுக்குத் தெரிந்திருக்கிறது!

இந்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தாயிற்று. கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். நானும் கோலாருக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டேன்.

இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததிலிருந்து ‘சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது’ என்று மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.