ஜெசிந்தாவின் காந்தத் தூள்

போன ஞாயிறு தேவாலயப் பூசையில் பங்குச் சுவாமி ஒரு விசேஷ மன்றாட்டுச் சொன்னார். ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்யும் நமது ஊர்காவற்றுறை மகள் ஜெசிந்தாவின் கலாநிதிப் பட்டத்துக்காக. ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்றது சனம். நானும் சொன்னேன் — வாயால் மட்டும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அவளும் நானும் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து இரசாயனம் படித்தவர்கள். அவள் கண்ணுக்கே தெரியாத நனோ துகள்களோடு விளையாடுகிறாள். நான் இங்கே ஒன்பதாம் வகுப்போடு மல்லுக்கட்டுகிறேன். எங்கோ இருப்பவரின் வெற்றி வெறும் செய்தி. பக்கத்தில் இருந்தவளின் வெற்றி நெஞ்செரிவு.

சண்டை நின்ற சமாதான காலம் என்று போன மாதம் ஊருக்கு வந்தாள். எங்கள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வான் வண்டி பிடித்துச் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். மணலில் இருந்து மீன்பொரியல் சாப்பிட்டபடி தன் ஆராய்ச்சியைச் சொன்னாள். நாக ஒட்சைட், அதாவது சிங்க் ஒக்சைட்... நாம் சொறிக்குப் பூசும் மருந்தில் இருக்கும் அதே வெள்ளைத் தூள்தான். அது ஒரு குறைகடத்தி. சாதாரணமாகக் காந்தம் அதைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் நனோ அளவில் செய்து, துளி கோபால்ட் சேர்த்தால் அதற்கே காந்தத்தன்மை வருகிறதாம்.

“நல்லா வந்திருக்கடி. இதை வைச்சுத்தான் தீசிஸே எழுதுறன்,” என்றாள்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

என் வகுப்பில் ஒருநாள் சுத்தமான கந்தகம் காந்தத்தில் ஒட்டியது. அதிசயம் ஒன்றுமில்லை — இரும்புத்தூள் அள்ளிய கரண்டியாலேயே பிள்ளைகள் கந்தகத்தையும் அள்ளியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தது. நாக்கு சும்மா இருக்குமா?

“தூளை எதாலையடி அள்ளுறனீங்கள்?”

“சின்னக் கரண்டியாலை.”

“இரும்போ?”

அவள் பொரியலைக் கீழே வைத்தாள். “ஸ்டீல்... அதிலையிருந்து துளி உரஞ்சுப்பட்டாலே எங்கட மிசின் காந்தம் எண்டு காட்டிப்போடும்.”

அவள் முகம் செத்துப்போனது. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

இந்தப் புதன்கிழமை ஜேர்மனியிலிருந்து அவளுடைய ஃபோன் வந்தது.

“பிளாஸ்டிக் கரண்டியாலை எல்லாம் திருப்பிச் செய்தனான். கோபால்ட் ஒண்டும் செய்யேல்லையடி. எல்லாம் கரண்டியின்ரை வேலை.”

எனக்குள் கோயில் மணி அடித்தது. “ஐயோ, பாவமடி,” என்றேன்.

“கேளன். கோபால்ட் சேர்க்காத வெறுந்தூளை ஒட்சிசன் குறைச்சுச் சூடாக்கிப் பாத்தம். அதிலை காந்தம் இருக்கு. ஒட்சிசன் இருக்கவேண்டிய இடம் அங்கங்கை வெறுமையாக் கிடக்குதெல்லோ, அந்தக் குறைதான் காரணம் எண்டு நினைக்கிறம். பேராசிரியர் இதுதான் பெரிய விஷயம் எண்டு துள்ளுறார். நீ கேட்டதாலைதானடி.”

நான் எறிந்த கல்லுக்கு மாங்காய் அவள் மடியில் விழுந்திருக்கிறது. தீசிஸின் முதல் பக்கத்தில் எனக்கு நன்றி எழுதப்போகிறாளாம். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஊர் யாரைப் புகழ்கிறது தெரியுமா? ‘ஜெசிந்தாவுக்கு என்ன பெரிய மனசு’ என்கிறார்கள்.

வருகிற ஞாயிறு அவளுக்காக நன்றிப் பூசை. எனக்கு முன் வாங்கில் இடம் வைத்திருக்கிறார்கள்... அங்கே இருந்துகொண்டு வாயை மட்டும் அசைக்க முடியுமா?