யுனிக்ஸுக்கு ஒரு ஸலாம்

மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸுஹைறா பெட்டியின் பின்பக்கத்தை மோந்து பார்ப்பார். தவிட்டு மணம்தான், கருகல் இல்லை. "உசிர் இரிக்கி" என்று அறிவித்த பிறகே கதிரையில் உட்காருவார். சாய்ந்தமருதில் தமையனின் அரிசி ஆலைக்கு அந்த யுனிக்ஸ் கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

பிழை பிடிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை என்பதை ஊர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். கொழும்புக் கம்பனியொன்றில் இதே வேலை பார்த்தவர். பிழையைக் கண்டுபிடிப்பதோடு நிற்கமாட்டார். விட்டவர் பெயரைச் சொல்வார், பெருநாள் சாப்பாட்டில் எல்லோர் முன்னும் மறுபடி சொல்வார். மின்சார வயரைச் செருகாமல் "மெசின் மௌத்தாப் பெயித்து" என்று சாவுச் செய்தியோடு ஓடிவந்த கணக்கப்பிள்ளை முஸ்தாக் இன்றுவரை அந்தக் கதையிலிருந்து தப்பவில்லை.

போன வாரம் புதுத் தலையிடி தொடங்கியது. மேசைக் கொம்பியூட்டர்கள் யுனிக்ஸோடு பேசும், பாதியில் வாயடைத்துப்போகும், பிறகு தானாகப் பேசும். அரிசி ஏற்றவந்த லொறிகள் சீட்டு அடிபடாமல் வாசலில் நின்றன. ஸுஹைறா 'காக்கா' என்று கூப்பிடும் தமையன் அப்துல் ஹமீட் ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"தங்கச்சி, நான் அஸர் தொழுதுட்டு வருவன். அதுக்குள்ள சரிவரல்லெண்டா இதப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போடுவன். புது மருமகனும் அதத்தான் சொல்றாரு."

புது மருமகன் றிபாஸ் மருதமுனைக்காரர். ஹாஜியாரின் மகள் ஆதிலாவைக் கட்டி, ஊர் வழக்கப்படி பெண்வீட்டோடு வந்து இன்னும் பாய்கூடப் பழசாகவில்லை. தும்மினால் இஞ்சித் தேத்தண்ணி வருகிற காலம். ஸுஹைறா பிள்ளையைப் போலப் பார்த்த மெசினை நேற்று வந்தவர் இரும்பு என்பதா?

அவருடைய வைத்தியம் ஒன்றுதான். மேசைக் கொம்பியூட்டர் ஒன்றிலிருந்து யுனிக்ஸின் நெட்வேர்க் இலக்கத்துக்கு, 'இருக்கிறாயா?' என்று ஒரு கேள்வி அனுப்புவார். உலகம் அதைப் பிங் என்கிறது, ஸுஹைறா ஸலாம் என்பார். "ஸலாம் சொன்னா பதில் சொல்லணும். சொல்லல்லெண்டா ஒண்டு செவிடு, இல்லாட்டிப் பெரும." அன்று பதில் வந்தது, நின்றது, வந்தது. கொஞ்சம் யோசித்தார். யுனிக்ஸின் நெட்வேர்க் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஸலாம் அனுப்பினார்.

பதில் தங்குதடையில்லாமல் வந்தது.

"யா அல்லாஹ், மையித்து பதில் சொல்லுது!" என்றார். பிணம் பேசுகிறதென்றதும் முஸ்தாக் கதவுப்பக்கம் நகர்ந்துகொண்டார்.

ஒரே இலக்கத்தை இன்னொன்றும் வைத்திருந்தால்தான் இப்படி நடக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் என்றால் தபால்காரர்தான் என்ன செய்வார்? ஸுஹைறா ஒவ்வொரு வயராகப் பிடுங்கிக்கொண்டே போனார். வாசல் கெமராவின் வயரைப் பிடுங்கியதும் பதில் நின்றது. அந்தக் கெமராவைப் போன வாரம் கொண்டுவந்து சுவரில் பூட்டியவர் றிபாஸ்.

இலக்கத்தின் கடைசியைப் பார்த்ததும் காரணம் விளங்கியது. ஏழு, புள்ளி, எண்பத்தாறு. 'அல்லாஹ்வின் பெயரால்' என்னும் பிஸ்மிக்குரிய எண் என்று லொறிக்கும் போனுக்கும் ஊரே தேடியலைந்து வாங்கும் எழுநூற்று எண்பத்தாறு. அந்தக் காலத்தில் ஹாஜியார் பறக்கத்துக்காக, அருள் பெருகட்டுமென்று, யுனிக்ஸுக்குக் கேட்டு வாங்கினார். இப்போது மருமகன் அதே பறக்கத்தைக் கெமராவுக்கும் கொடுத்துவிட்டார்.

றிபாஸ் வந்து திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மாமி, மாமாக்கிட்டச் சொல்லிராதீங்க. வந்து ஒரு மாசமாகல்ல, அவர்ர மொகத்துல எப்பிடி முழிக்கிற?"

"இரும்பெண்டது ஆரு?"

"நான்தான் மாமி."

"அப்ப அதுக்கிட்ட மாப்புக் கேளுங்க மருமகன்."

பட்டதாரி மாப்பிள்ளை தவிட்டுத் தூசி படிந்த பெட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஸுஹைறா கெமராவுக்கு வேறு இலக்கம் போட்டு, கழற்றிய வயர்களையெல்லாம் செருகினார். சீட்டுகள் அடிபட்டன, லொறிகள் நகர்ந்தன. ஆனால் ஸுஹைறாவின் நாக்கு துடித்தது. இப்படி ஒரு பிழை, இப்படி ஒரு ஆள்! பத்துப் பெருநாளைக்குத் தாங்கும் கதையல்லவா?

ஹாஜியார் பள்ளிவாசலிலிருந்து வந்தார். "சரிவந்திட்டா? ஆர்ட பிழ?"

ஸுஹைறா றிபாஸைப் பார்த்தார். அவர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எலி, காக்கா. வயரக் கடிச்சிரிக்கி."

"எலியா? மில்லுக்குள்ளயா? எங்க, காட்டு பாப்பம்" என்று ஹாஜியார் சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

ஸுஹைறா மேசைக்குக் கீழே குனிந்தார். பாவிக்காமல் சும்மா கிடந்த ஒரு வயரை இழுத்து, கடைவாயில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தார்.