எக்ஸ்ரே அம்மாவின் துவைகல்

பொன்னமராவதியில் ரீட்டா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே அம்மா வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இருபத்தாறு வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் முதுகெலும்பை, முகத்தைவிட நன்றாக அறிவாள். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்ற அவள் குரல் கடைத்தெருவில் கேட்டால்கூடச் சிலர் தங்களை அறியாமல் மூச்சை இழுப்பார்கள்.

வாஷிங் மெஷின் வந்தபிறகு கொல்லையில் துவைகல் சும்மா கிடந்தது. ஒருநாள் மீந்த சோற்றை அதில் வைத்தாள். ஏழு தவிட்டுக்குருவிகள் வந்து சண்டை போட்டுக்கொண்டே தின்றன. மறுநாள் பப்பாளித் துண்டு வைத்தாள், சின்னான் குருவி ஜோடியாக வந்தது. மூன்றாவது வாரம், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டாள். சமையலறை ஜன்னல் கம்பிக்கு நடுவே லென்ஸை நீட்டிவைத்துக்கொண்டு, குருவியிடமும் அதே பேச்சு: "அசையாத. மூச்சப் புடி." படங்களுக்குப் பெயர் வைப்பதும் தொழில் பழக்கம்தான். சின்னான், இடது பக்கவாட்டு. மைனா, முன்பக்கம். அணிலை மட்டும் எடுப்பதில்லை. அது டோக்கன் போடாமல் உள்ளே வருகிறது.

மூன்று வருஷத்தில் அவளுக்குக் காக்கைகளைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்தது. முதல் வருஷத்திலிருந்தே வரும் ஒன்றுக்கு இடது கால் வளைந்திருக்கும். எப்போதோ முறிந்து தானாகக் கூடிய எலும்பு. அது இறங்கிக் கொத்தினால்தான் மற்றவை இறங்கும்.

ஆடி மாதத்தில் ஒரு விடுப்பு நாள். காலையிலிருந்து மூன்று தடவை கல்லில் சோறு வைத்து, மூன்று தடவையும் காலி. ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து சத்தம் கேட்டது.

"கா... கா... கா..."

சிமெண்ட் கடை சிவசாமியின் குரல். ரீட்டா குடியிருக்கும் வீட்டுக்கும் அவர்தான் சொந்தக்காரர். அவருடைய அப்பா இறந்து வருஷம் திரும்பியபின் வரும் முதல் ஆடி அமாவாசை அது. படையல் சோற்றைக் காக்கை எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. ரீட்டா ஆவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரி, அவள் வீட்டில் செத்தவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியோடு சரி. அமாவாசை என்பது நினைவிலேயே இல்லை.

சிவசாமி எட்டிப் பார்த்தார். "எக்ஸ்ரே அம்மா! காக்கா பூராம் ஒங்க கொல்லையிலதான் கெடக்கு. வயிறு முட்டத் தின்னுட்டு இங்கிட்டுத் திரும்பியே பாக்க மாட்டேங்குது."

ரீட்டா ஓடிப்போய்க் கல்லைக் கழுவிவிட்டாள். காக்கைகள் வேப்பமரத்தில் ஏறி, இரண்டு வீட்டுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தன.

"அமாவாசைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேனே அண்ணே."

"அமாவாசைய வீடு வீடா வந்து சொல்லுவாங்களா? நாளைக்கே ஆளு விட்டு அந்தக் கல்லத் தூக்குறேன், பாருங்க."

தூக்கிவிடுவார். அரைமணி நேர வேலை. ஜன்னலுக்கு வெளியே வெறும் சிமெண்ட் தரை இருப்பதை ரீட்டா நினைத்துப் பார்த்தாள். கேமராவை மாட்டிக்கொண்டு அவர்கள் மாடிக்கு ஏறினாள்.

அங்கே சிவசாமியின் மனைவி அழகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மாமாவுக்கு என்னமோ மனக்கொறை."

"என்ன கொறை? வடை வச்சாச்சு, பாயசம் வச்சாச்சு."

"டிவி ரிமோட்டப் புடுங்கி வச்சது நீங்கதான."

"அதுக்கு இப்ப டிவியத் தூக்கியாந்து மாடியில வைக்கவா?"

ரீட்டா கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். ஆடிக்காற்றில் வாழையிலையின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மகன், மருமகள், பேத்தி என்று மூன்று பேர் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சிவசாமி துண்டை வீசி வீசிக் கூப்பிட்டார். ஆடுகிற எதன் பக்கத்திலும் காக்கை இறங்கி அவள் பார்த்ததில்லை.

"எலை ஆடுது. நாலு முனையிலயும் கல்லு வைங்க. வடைய மேல எடுத்து வைங்க. ஃபோனெல்லாம் மடியில. எல்லாரும் மாடிப்படிக்குள்ள போங்க."

"பேரச் சொல்லிக் கூப்புடணுமேம்மா?"

"கூப்பிட்டது போதும்ணே. மூச்ச இழுத்துப் புடிங்க."

சிவசாமி இழுத்துப் பிடித்தார். குடும்பமே பிடித்தது.

வேப்பமரத்திலிருந்து ஒன்று மட்டும் கிளம்பியது. சுவரில் இறங்கி, தத்தித் தத்தி இலையருகே போனது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. வடையைக் கவ்வியது. கேமரா ஒருமுறை சத்தமிட்டது.

"ம், விடுங்க."

அவளையும் விடவில்லை, பந்தியில் உட்கார வைத்தார்கள். சிவசாமி சாம்பார்க் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கிப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இது எடது காலா?"

"ஆமாண்ணே."

அழகம்மாளின் கரண்டி நின்றது. மாமனார் படியில் விழுந்து முறித்துக்கொண்டதும் இடது கால்தான். அந்த எக்ஸ்ரேயை எடுத்ததே ரீட்டா. எலும்பு கோணலாகக் கூடியிருப்பதை விரல் வைத்துக் காட்டியவளும் அவளே. காக்கைக்குக் கால் முறிய ஒரு கவண்கல் போதும் என்றும் அவளுக்குத் தெரியும்.

"தெனம் வருதா?"

"தெனமும் வரும்ணே."

எத்தனை வருஷமாக என்று அவர் கேட்கவில்லை. அவளும் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மதிலுக்கு மேலே சிவசாமியின் தலை தெரிந்தது. ஆளோடு வந்துவிட்டார் என்று ரீட்டா நினைத்தாள். கையிலிருந்த தட்டோடு துவைகல்லை மறைத்து நின்றாள்.

"கல்லுல இன்னைக்கு என்ன வைக்கிறீங்க?"

"பப்பாளிண்ணே."

"அப்பாவுக்குப் பப்பாளி ஆகவே ஆகாது." மதில்மேல் ஒரு தூக்குவாளியை வைத்தார். "வடை. இப்பதான் போட்டது."

"ஐயாவுக்குச் சுகர் இருந்துச்சேண்ணே. எண்ணெய்ப் பலகாரமே குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே?"

சிவசாமி யோசித்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் வைங்க" என்றார்.