நிதானம் டீச்சரின் குரல்

படிக்க வந்தவர்கள் வைத்த பெயர்தான் அது, நிதானம் டீச்சர். பள்ளியைப் பாதியில் விட்டவர்களும், வேறு மொழி பேசி வளர்ந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்களும் மாலையில் கூடும் வகுப்பு அவளுடையது. அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே இயந்திரம் ஓடினால் மேலே பெஞ்சு அதிரும். வானொலிச் செய்தி வேகமாக ஓடிவிடுகிறது, பிடிக்க முடியவில்லை என்று அவர்கள் குறைப்பட்டதும், அந்த வாரத்துச் செய்திகளைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தாள். அதை வீடியோவாக்கலாம் என்று யோசனை சொன்னவள் அவளுடைய தங்கை.

தங்கைக்குக் கணினி கைவந்த கலை. அக்கா எழுதி வாசிப்பாள். தங்கை படம் சேர்த்து, வெட்டி ஒட்டி, கீழே எழுத்து ஓடவிட்டு இணையத்தில் ஏற்றுவாள். பத்து வருஷத்தில் தொள்ளாயிரம் வீடியோக்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. மழை எப்படிப் பெய்கிறது, எரிமலை ஏன் வெடிக்கிறது, மருந்துச் சீட்டை எப்படிப் படிப்பது, ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வாரா வாரம் ஐந்து நிமிஷச் செய்தி தனி. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும், இதைச் சொன்னது யார், என்றைக்குச் சொன்னார்கள் என்று சேர்த்தே வாசிப்பாள். அந்த வரி இழுவை என்று தங்கை சலித்துக்கொண்டாலும் அக்கா மசியவில்லை.

வெளிச் சத்தம் பதிவில் விழாமல் இருக்க, வாசிப்பது அலமாரிக்குள்தான். புடவைகளை ஒதுக்கி, போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்வாள். உள்ளே வெந்துபோகும். முடித்துவிட்டு வெளியே வரும்போது, ஆவியில் வைத்து எடுத்த மாதிரி இருக்கிறாள் என்று தங்கை சிரிப்பாள்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அறுவைக்கு முந்தைய வாரம் தங்கை ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். தலையும் வாலும் இல்லாத ஆயிரக்கணக்கான வாக்கியங்கள். நீ படுத்திருக்கும்போது பழைய வீடியோவில் எங்காவது ஒரு சொல் திருத்த வேண்டியிருந்தால் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், வாசித்துக் கொடு என்றாள். நான்கு நாள் அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்தாள். தங்கை வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். இப்படி ஒரு கூடப்பிறப்பு யாருக்கு வாய்க்கும் என்று அக்காவுக்குக் கண் கலங்கியது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. குரல்தான் திரும்பவில்லை. கத்தி நரம்பில் பட்டுவிட்டதாம். காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு கரகரப்பு, அதுவும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். வீடியோ வேலை அதோடு நின்றுவிட்டது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மனசு தாங்காது என்று இணையத்தில் அந்த வீடியோப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு காலையில், வகுப்பில் படித்த இஸ்திரிக்காரம்மா பழப் பையோடு வாசலில் நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சர், குரல் சரியாயிடுச்சே. நேத்து செய்தி கேட்டேன். பழைய மாதிரியே கணீர்னு இருந்துச்சு."

உள்ளே வா என்று இவள் சொன்ன கரகரப்பைக் கேட்டதும் இஸ்திரிக்காரம்மாவின் கை பையோடு அப்படியே நின்றது.

"அப்போ நேத்து பேசினது யாரு டீச்சர்?"

போனில் போட்டுக் காட்டினாள். ஆற்றுப் பாலம் பழுது, பேருந்து சுற்றிப் போகும் என்றது செய்தி. டீச்சருடைய குரலேதான். அவள் சொல்லும் அதே நிறுத்தம், 'ழ'வில் அவள் கொடுக்கும் அதே அழுத்தம். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் எங்கும் இல்லை. சொன்னது யார், என்றைக்கு என்ற வரியும் இல்லை. அந்தப் பாலம் பழுதானது போன வருஷம். அதை நம்பி அன்று விடியற்காலையில் ஊரைச் சுற்றி நடந்து, துணிகளை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் ஏச்சு வாங்கியிருந்தாள் இஸ்திரிக்காரம்மா. அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போனேன்" என்றாள். அந்தப் பேச்சுதான் டீச்சர் நெஞ்சில் தைத்தது.

அன்று மதியமே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை. வீடியோத் தொகுப்பு முழுவதையும் ஒரு கல்வி நிறுவனம் எடுத்துக்கொண்டது, அந்த வாக்கியங்களை வைத்துக் குரலை இயந்திரத்துக்குப் பழக்கினார்கள், தனக்கு அங்கே வேலையும் கிடைத்தது என்று கணக்கு வாத்தியார் மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

"குரல் போகலாம்னு டாக்டர் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டார்க்கா. நீ பயந்துடுவேன்னு மறைச்சேன். போற குரல் வீணாப் போகாம இருக்கட்டுமேன்னுதான் செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"அதுக்குத்தானே கேக்கறது."

தங்கை எழுந்து போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சம்மதப் பத்திரம். அடியில் அக்காவின் கையெழுத்து. அறுவைக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு சேர்த்து வைத்து, இங்கே போடு, இங்கே போடு என்று தங்கை விரலால் காட்டிய இடங்களில் ஒன்று. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று மூன்று வீடியோ செய்தவள் அவள். தங்கை நீட்டியதை மட்டும் அன்றைக்குப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. காகிதத்தை மடித்துத் துணி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினாள்.

நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தாள். கையெழுத்து செல்லும் என்று நான்கு வரியில் பதில் வந்தது. பாலத்துச் செய்தியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னாள். உனக்குப் பேர்தானே கிடைக்கிறது, அவளுக்கும் ஒரு வேலை ஆச்சு, கூடப்பிறந்தவளிடம் போய் வழக்கா என்றாள் அம்மா. அதற்குப் பிறகு யாரிடமும் அவள் நியாயம் கேட்கவில்லை.

ஆனால் வகுப்புக்கு மாடி ஏறினாள். கரும்பலகையில் எழுதினாள்: 'வீடியோவில் பேசுவது நான் இல்லை. கேட்கும் செய்தியை யார் சொன்னது என்று விசாரியுங்கள்.' பழைய ஆட்கள் புரிந்துகொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெயிண்டர், அந்த டீச்சர் இவங்களைவிட நல்லாப் பேசுறாங்களே, இவங்க ஏன் பொறாமைப்படணும் என்று பக்கத்து ஆளிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. அவனை என்ன சொல்லித் திருத்துவது? சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, அந்த நாளின் செய்தித்தாளை எடுத்து இஸ்திரிக்காரம்மாவிடம் நீட்டினாள். இஸ்திரிக்காரம்மா எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். தடுக்கிய இடத்தில் டீச்சர் மேசையைத் தட்டி நிறுத்தினாள். அன்றிலிருந்து வகுப்பு அப்படித்தான் நடக்கிறது. பெயிண்டரும் வருகிறான்.

ஒரு சனிக்கிழமை தங்கை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். டீச்சர் பார்த்தாள், பாடத்தை நிறுத்தவில்லை. எல்லோரும் போன பிறகு தங்கை பக்கத்தில் வந்து, "அக்கா, ஒரு தடவை திட்டிடேன்" என்றாள்.

"திட்டக் குரல் இல்லடி" என்றாள் அவள்.

அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. தங்கை பையைத் தோளில் மாட்டினாள். கிளம்பட்டுமா என்று கேட்டாள். போயிட்டு வா என்ற சொல் அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தப் போனாள்.