இருநூறு காராமணி

இரண்டாம் முறை பரீட்சைக்குப் படித்தபோது ஜீவனஹள்ளியில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். முந்தைய வருஷம், அம்மா போன பதினோராம் நாள் செய்முறைத் தேர்வுக்குப் போய்த் தோற்றிருந்தேன். இம்முறையும் தோற்றால், பால்பண்ணை ஆய்வகத்தில் எனக்காக வைத்திருந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

கூடப் படித்தவர்கள் தேறிப் போய்விட்டார்கள். புது வகுப்பில் என்னையும் சேர்த்து இருபத்தேழு பேர். பாக்டீரியா பாடத்துக்கு ஓர் ஆள் போதும். கண்ணாடித் தட்டில் முளைத்த புள்ளிகளை எண்ணி எழுதினால் தீர்ந்தது. மரபியலுக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். அப்பாவாக ஒரு சட்டி, அம்மாவாக ஒரு சட்டி. ஒவ்வொன்றிலும் ஐம்பது சிவப்புக் காராமணி, ஐம்பது வெள்ளை. பார்க்காமல் ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று சிவப்பானாலும் பிள்ளை சிவப்பு. நூற்றுக்கு எழுபத்தைந்து பிள்ளைகள் சிவப்பாக வரும் என்பது பாடம்.

பதின்மூன்று ஜோடி போக மிஞ்சியவன் நான். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காராமணி வாங்கி, இருநூறு எண்ணி வைத்துக்கொண்டு, வலது கை அப்பா, இடது கை அம்மா என்று அறையில் பழகினேன்.

தேர்வில் சிவப்பு எழுபத்தொன்றுதான் வந்தது. மூன்று முறை எண்ணினேன். சட்டிகளை எடுத்துவைக்கும் ஆய்வக ஊழியர் பக்கத்தில் வந்து, கன்னடம் கலந்த தமிழில், “சும்னே எழுபத்தஞ்சுன்னு போட்டுடுங்க. பதிமூணு ஜோடியும் அதைத்தான் போட்டிருக்கு” என்றார்.

ஆனால் எண்ணியதை மாற்றி எழுத எனக்கு வராது. எழுபத்தொன்று என்றே எழுதினேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மற்றவர்களுக்கு வந்த கணக்கு எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். நூறு போதாது, ஆயிரம் முறை எடுத்தால் நெருங்கி வரும் என்றேன்.

“கூட எடுத்தது யாரு?”

“என் இடது கை, சார்.”

அவர் என் கையைப் பார்த்தார். “ஆயிரம் தடவைன்னா அந்தக் கை என்னத்துக்கு ஆகும்? போங்க, பாஸ்தான்.”

அந்த வாரத்தில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அறைக்கு வந்தேன். செய்தியைச் சொல்ல யாரும் இல்லை. பசித்தது. பழகிய காராமணியை அப்படியே உப்புப் போட்டு வேகவைத்து, ஒவ்வொன்றாக எண்ணித் தின்றேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. பாயை உதறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெந்ததில் சிவப்புச் சாயம் இறங்கி எல்லாம் ஒரே நிறமாகியிருந்ததால், தொலைந்தது சிவப்பா வெள்ளையா என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.