திங்கட்கிழமை தெரிந்தது

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குல்ஷனுக்கு ஒன்பது வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் வேலை. வெல்டிங் முடிந்து வரும் பெடல் பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். நல்லதென்றால் பச்சை மையால் ஒரு புள்ளி. மயிரிழை பிசகினாலும் குல்ஷன் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயருக்கு 2006 ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை, சோதனை வந்தது.

கார் கம்பெனியிலிருந்து நாற்பது பிராக்கெட்டுகள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் வெல்டிங்கை ஒட்டி விரிசல். எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி. சாயங்காலமே அவள் கையில் நோட்டீஸைக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இங்கிலீஷில் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

நடந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. திங்கட்கிழமை ஒரு பிராக்கெட்டில் மெல்லிசாகக் கறுப்புக் கோடு ஒன்றைப் பார்த்தாள். சூப்பர்வைசர் ஏகநாதனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "எண்ணெய்க் கோடும்மா. துடைச்சிட்டு அனுப்பு" என்றார். துடைத்தாள். கோடு மங்கியது. புள்ளி வைத்தாள். அதற்கப்புறம் அந்த மாதிரி கோடு வந்ததையெல்லாம் துடைத்துத் துடைத்து அனுப்பினாள். அது விரிசல் என்பது புதன்கிழமைதான் அவளுக்கு உறைத்தது.

இதை இங்கிலீஷில் எழுதத்தான் பெரும்பாடாகிவிட்டது. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மூலையில் டிக்‌ஷனரியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'கோடு தெரிந்தது' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எத்தனை வார்த்தை! பக்கத்து மேஜை தீபலட்சுமி கூட வந்து உட்கார்ந்தாள். அவள் பிளஸ் டூ படித்தவள்.

"'நோட்டீஸ்'னு போடுக்கா."

"வந்திருக்கறதே நோட்டீஸ்டி. திங்கக்கிழமையும் ஒரு நோட்டீஸ் வந்துச்சான்னு கேக்க மாட்டாங்களா?"

"அப்போ 'ஃபைண்ட் அவுட்'?"

"அப்படின்னா?"

"கண்டுபிடிக்கறது."

"கண்டுபிடிச்சிருந்தா நான் ஏன் புள்ளி வெச்சேன்?"

தீபலட்சுமி டிக்‌ஷனரியை அவள் பக்கமே தள்ளினாள். கடைசியில் குல்ஷன் 'ரியலைஸ்' என்ற வார்த்தையைப் பிடித்தாள். உணர்தல் என்று போட்டிருந்தது. கோடு விரலுக்கு லேசாகத் தட்டுப்பட்டது அவளுக்கு நினைவிருந்தது. விரல் உணர்ந்தது, சரிதானே? திங்கட்கிழமை விரிசலை 'ரியலைஸ்' செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏகநாதன் பெயரை எழுதவில்லை. மகள் இரமுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் லீவு வாங்கித் தந்த மனுஷன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. புனேயிலிருந்து வந்த குவாலிட்டி மேனேஜருக்குத் தமிழ் வராது. பர்சனல் டிபார்ட்மென்ட் சவுரிமுத்து மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஏகநாதன். மேனேஜர் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையின் மேல் பேனாவைத் தட்டினார்.

"ஏம்மா, திங்கக்கிழமையே உனக்குத் தெரிஞ்சுதா?" என்றார் சவுரிமுத்து.

"தெரிஞ்சுது சார்."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னதும் மேனேஜரின் முகம் கடுத்தது. தெரிந்தே நாற்பது பீஸை அனுப்பினாயா என்கிறார் என்று சவுரிமுத்து சொன்னபோது குல்ஷனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, அப்படித் தெரியல சார்! கண்ணுக்குத் தெரிஞ்சுது. விரிசல்னு தெரியல."

"தெரிஞ்சுதுங்கற, தெரியலங்கற. நான் எதம்மா சொல்றது?"

"ரெண்டும் சார்."

சவுரிமுத்து நெற்றியைத் தடவினார். மேனேஜர் திரும்பி வந்த பிராக்கெட் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். காட்டச் சொல்கிறார் என்று புரிந்தது. டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அப்போதுதான் அவர் புருவம் உயர்ந்தது.

அந்த நிம்மதியில் வாய் தவறி வந்துவிட்டது. "நான் அன்னிக்கே ஏகநாதன் சாருகிட்ட காட்டினேனே."

எல்லோரும் திரும்பினார்கள். ஏகநாதன் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்ல சார். ஆனா இந்தம்மா பொய் சொல்லாது" என்றார். அவர் காப்பாற்றினாரா, கழன்றுகொண்டாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. வேலை போகவில்லை. சந்தேகம் வந்தால் இனி எழுதித் தர வேண்டும் என்று விதி போட்டார்கள். சவுரிமுத்து அவள் விளக்கத்தைத் திருத்தி வேறு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அவள் எழுதிய வார்த்தை அதில் இல்லை. 'அப்சர்வ்' என்று ஏதோ இருந்தது.

"இதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

"பார்த்தேன்னுதாம்மா அர்த்தம். கையெழுத்துப் போடு."

போட்டாள். பார்த்தேன் என்பதற்கும் இவ்வளவு பெரிய வார்த்தையா என்று இருந்தது.

சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனசு ஓய்வாக இல்லை. எண்ணெய்க் கோடு என்று முதலிலேயே நினைத்திருந்தால் ஏகநாதனிடம் ஏன் கொண்டுபோனாள்? அப்படியானால் திங்கட்கிழமையே உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்கிறது. தெரிந்ததென்றால், அவர் சொன்னதும் ஏன் துடைத்தாள்? மேனேஜர் கேட்டது நியாயம்தானோ? இதற்கு டிக்‌ஷனரியில் என்ன வார்த்தை இருக்கும்?

பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். எதிர் சீட்டில் ஒரு பெண் நோட்டைக் காட்டித் தோழிக்கு எதையோ விளக்க, அந்தத் தோழி சட்டென்று முகம் மலர்ந்து, "ஓ, ஐ காட் இட்!" என்றாள். குல்ஷன் அவள் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. என்ன கிடைத்தது என்று கேட்கலாமா என்று தோன்றியது. அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.